அடுப்பக்காவும் செடி மாத்திரையும்

தேய்த்துக்கொண்டிருக்கும்போதே இஸ்திரிப் பெட்டியைச் சட்டென்று நிமிர்த்தி வைப்பாள். கழுத்துப் பட்டனைக் கழற்றி, ஈரத் துண்டைப் பிடரியில் அழுத்திக்கொண்டு, "அடுப்பு மூட்டியாச்சு, தள்ளி நில்லுங்கடி" என்பாள். முகம் சிவந்து மோவாயில் வேர்வை சொட்டும். அடங்கியதும் சாக்பீஸால் மேசைக் காலில் ஒரு கோடு போடுவாள். ஒரு நாளைக்குப் பதினொரு கோடுகூட விழும்.

விடுதிப் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் கூடத்தில் நாங்கள் ஆறு பெண்கள். அவளை அடுப்பக்கா என்றுதான் கூப்பிடுவோம். மாசத் தூரம் நின்றுபோனதிலிருந்து இரண்டு வருஷமாக இந்தக் கொதிப்பு. டாக்டர் தலை நிமிராமலே, "வயசானா அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்.

மருந்துக் கடைக்காரன்தான் அந்த மாத்திரையை எடுத்து வைத்தான். "சோயாவுலேர்ந்து எடுத்ததும்மா. உங்க உடம்புல சுரக்கிறது நின்னுபோச்சுல்ல, அது மாதிரியே வேலை செய்யும்."

"அஞ்சு வருஷம் முன்னாடி எனக்கு மார்புல புத்துக்கட்டி எடுத்தாங்க. இதைச் சாப்பிடலாமாப்பா?"

"செடிதானேம்மா. கீரை திங்கறப்ப யாரைக் கேட்டீங்க?"

நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு வாங்கி வந்தாள்.

ஒரு மாதத்தில் கோடு ஏழாகக் குறைந்தது. ஆனாலும் கேட்ட கேள்வி அவளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. மாத்திரை டப்பாவுக்குள் நகத்தளவுக்கு மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்து, சூட்டைக் குறைத்து, சுருக்கம் போகத் தேய்த்து என்னிடம் நீட்டினாள். "நீதான் அஞ்சாவது படிச்சவ. படி."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். மார்பில் புற்றுக்கட்டி இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதை உட்கொள்ளக் கூடாது.

"கேட்டேனேடி" என்றாள்.

கோபம் வந்தால் கடவுள் பெயரைச் சொல்லி விழுங்கிவிடுகிறவள் நான். இதை விழுங்க முடியவில்லை. வாய் திறந்து கேட்டவளுக்கு ஒரு பதில் சொல்ல எத்தனை நிமிஷம் ஆகும்? அவளைக் கடவுள் ஒரு தரம் பிழைக்க வைத்தது இவன் விளையாடுவதற்கா? அரளியும் செடிதானே?

சாயங்காலம் இருவரும் கடைக்குப் போனோம். "என்னம்மா, இன்னொரு டப்பாவா?" என்றான்.

தாளைக் கடை மேசைக் கண்ணாடி மேல் விரித்து, அந்த வரியில் விரலை வைத்தாள். "நாளைக்கு டாக்டர் முன்னாடியும் இதைத்தான் விரிக்கப் போறேன். இப்ப நீ படிப்பா. அன்னைக்கு மாதிரி எல்லாருக்கும் கேக்கட்டும்."

அவன் வரியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அதற்குள் அவள் முகம் சிவந்து, வேர்வை கண்ணாடியில் சொட்டத் தொடங்கியது. துண்டு தோளில்தான் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. விரலையும் எடுக்கவில்லை.