சாலைமறியலில் ஒரு செயல்விளக்கம்

1

வடக்கனந்தலுக்குச் சற்று முன்னால், சாலையின் குறுக்கே புளியமரம் ஒன்று வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தது. இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெங்கும் மறியல் நடந்த ஆண்டுகள் அவை. கல்வராயன் மலையடிவாரத்துக் கம்புக் கொல்லைகளில் நோய்க்கதிர் சேகரிக்கப் புறப்பட்ட எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் ஜீப் அந்த மரத்தின்முன் நின்றது. பயிர்நோய்ப் பிரிவில் நான் அப்போது உதவி ஆராய்ச்சியாளர்.

மறியலில் இருந்தவர்களுள் ஒருவர் ஜீப்பின் பலகையைப் படித்துவிட்டுக் கேட்டார்.

"இன்னாம்மா, டாக்டரம்மாவா நீங்க?"

"பயிருக்கு டாக்டர்."

"அடேங்கப்பா! செடிக்குக்கூட ஊசி போடுறாங்கடா!"

எல்லாரும் சிரித்தனர். கூழ்க்குடம் சுமந்து வந்திருந்த அஞ்சலை என்பவர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஊசி கெடக்கட்டும். புதுக் கம்புல கூழு குடிச்சதுலேர்ந்து எங்க வூட்டுக்காரரு தல சுத்துதுன்னு வாந்தி எடுத்துக்கினு கெடக்குறாரு. இன்னான்னு பாருங்கம்மா."

வீடு அருகிலேயே இருந்தது. ஒரு முறம் கம்பு கொண்டுவரச் சொன்னேன். மணிகளுக்கிடையே எலிப்புழுக்கை போன்ற கருமணிகள் தென்பட்டன. தேன் ஒழுகல் நோய் கதிரில் விட்டுச்செல்லும் நச்சு அது. நோயாளியை ஜீப்பில் ஏற்றி, வந்த வழியே கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்கு அனுப்பினேன். பிறகு, அந்தக் கூழை எவரும் குடிக்கலாகாது என்றேன்.

"கம்ப கொட்டிட்டு இன்னாத்தம்மா துன்றது?" என்றார் அஞ்சலை.

2

அவருடைய கேள்விக்குரிய விடை எட்டு மாதமாக என் மேசையில் முடங்கிக் கிடந்தது. கருமணி எடை குறைந்தது, உப்புநீரில் மிதக்கும். நல்ல மணி அடியில் தங்கும். இதை ஒரு பக்கத் துண்டறிக்கையாக எழுதி, 'முட்டை மிதக்கும்வரை நீரில் உப்பைக் கரைக்க' என்று அளவும் குறித்திருந்தேன். வெளியீட்டுக் குழு அதைத் திருப்பியனுப்பியது. இயக்குநர் என்னை அழைத்தார்.

"முட்டைங்கறது ஒரு யூனிட்டாம்மா? பர்சென்டேஜ் போடுங்க. மூணு சீசன் டிரையல் டேட்டா வைங்க. அப்புறம், ஜனங்ககிட்ட பேசறதுக்கு வேற டிபார்ட்மென்ட் இருக்கு. உங்க வேல பேப்பர் எழுதறது."

எத்தனை குடிசையில் தராசு இருக்கிறது என்று நான் கேட்டேன். அவர் அடுத்த கோப்பைப் பிரித்தார். எங்கள் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் ஆய்வுக் கட்டுரைக்கு ஒரு கட்டம் உண்டு. கருத்தரங்கிற்கு ஒரு கட்டம் உண்டு. உழவரிடம் பேசியதை எழுதக் கட்டமே கிடையாது.

அன்று மறியல் நடந்த இடத்திற்கு அண்டாவும் உப்பும் ஒரு முட்டையும் வந்து சேர்ந்தன. உப்பு கரையக் கரைய, அடியில் கிடந்த முட்டை மேலெழுந்தது. கம்பைக் கொட்டிக் கலக்கினேன். கருமணிகள் மேலே திரண்டு நின்றன. அவற்றை வழித்தெறிந்துவிட்டு, அடியில் தங்கிய மணியை மூன்று முறை நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்தச் சொன்னேன்.

அஞ்சலை அண்டாவை எட்டிப் பார்த்தார். "இம்மாந்தானா? இத்த சொல்றதுக்கா இத்தினி நாளு?"



3

நடந்தவற்றை டூர் டைரியில் ஒளிவின்றி எழுதினேன். மூன்றாம் நாள் மெமோ வந்தது: கிளர்ச்சிக்காரர் கூட்டத்தில் அனுமதியின்றிப் பேசியது ஏன்? அலுவலக வாகனத்தில் வெளியாரை ஏற்றியது ஏன்?

தலைமை எழுத்தர் நல்ல மனிதர். "மேடம், 'மறியலில் சிக்கி நின்றேன்'னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. மேட்டர் க்ளோஸ்" என்றார். நான் சிக்கி நிற்கவில்லை, வேலை செய்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். மலையடிவாரத்திற்கு இனிச் செல்லலாகாது என்று ஆணை வந்தது.

அந்த வாரமே களமருதூரிலிருந்து இருவர் நிலையத்திற்கு வந்தனர்.

"அஞ்சலக்கா சொல்லி அனுப்பிச்சுதுங்க. எங்க ஊர்லயும் அதே கருப்பு மணிதாங்க. நாளன்னிக்குக் களம் அடிச்சி முடிச்சிடுவாங்க. அந்த அம்மாவக் கொஞ்சம் அனுப்பி வைங்க."

"மனு எழுதிக் குடுங்க" என்றார் இயக்குநர். "மேல அனுப்பி, பர்மிஷன் வந்ததும் ஆள் அனுப்பறோம்."

"எப்பங்க வரும்?"

"முறைப்படி வரும்."

"அதுக்குள்ள நாங்க துன்னே முடிச்சிடுவோம் சார்!"

நான் அப்போதுதான் தற்செயல் விடுப்புப் படிவத்தை எடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'என் பணியைச் செய்வதற்கு' என்று எழுதினேன். இயக்குநர் படிக்காமலே கையொப்பமிட்டார். மறுநாள் உளுந்தூர்பேட்டையில் பேருந்து மாறிக் களமருதூர் சென்றேன். களத்து மேட்டிலேயே ஐந்து அண்டாக்கள் வைத்தோம். அவ்வூரில் ஒருவரும் மயங்கி விழவில்லை.

துண்டறிக்கை மூன்று பருவம் கழித்து, விழுக்காடுகளோடு அச்சாகி வந்தது. அது கட்டுப் பிரிக்கப்படாமல் பண்டகசாலையில் கிடந்ததை நானே பார்த்தேன்.

இன்று மக்களிடமும் ஆட்சியாளரிடமும் அறிவியலைக் கொண்டுசெல்லத் தனிப்பிரிவுகள் இருக்கின்றன, பதாகைகள் இருக்கின்றன. புதிதாகப் பணியேற்கும் இளையவர்கள் அவற்றைக் கண்டு மயங்க வேண்டா. ஊருக்குள் சென்று நீங்கள் பேசும் நாளை நிறுவனம் எப்படிப் பதிவு செய்யும் என்று முதல் நாளே கேளுங்கள். களமருதூரில் நான் நின்ற நாள், என் பணிப்பதிவேட்டில் இன்றும் நான் வேலைக்கு வராத நாள்.