பெரட்டில் கேட்ட சம்மதம்

வெள்ளிக்கிழமை. கண்டியில் ஏறிய ரயில் நாவலப்பிட்டிக்குப் பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. றொசல்லவில் நின்றபோது ஜன்னல் வழியாகக் கைநீட்டித் தேயிலையைத் தொடலாம் போலிருந்தது. நான் மதுரையில் புற்றுநோய் மருத்துவன். இளம் மருத்துவர்களுக்குப் புற்றுநோய் ஆய்வு செய்யக் கற்றுத்தரும் பயிற்சிக்காகக் கண்டிக்கு வந்திருந்தேன். எதிரே இருந்த பவித்ரா என் மாணவி. அக்கரப்பத்தனையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில், பிறந்து டாக்டரானவள். வெற்றிலை போடுபவர்களின் வாயை அவ்வப்போது சோதித்து வந்தால் புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்கலாமா என்பது அவளுடைய முதல் ஆய்வு. மனிதர்கள் மனதார வந்து சேர்ந்தால்தான் அந்த ஆய்வு செல்லுபடியாகும்.

ஹட்டனில் இரவு தங்கி, சனிக்கிழமை விடியும்போது ஆட்டோ பிடித்தோம். டிக்கோயா ஐந்து கிலோமீட்டருக்குள்தான். நாங்கள் போன தோட்டம் அதற்கும் மேலே. "மலைக்குப் போறீங்களாங்க?" என்றார் ஓட்டுநர். சிவனொளிபாத மலைக்குப் போகிற பக்தன் என்று நினைத்துவிட்டார். தோட்டத்து ஆட்களின் வாயைச் சோதிக்கப் போகிறோம் என்றேன். சிவந்திருந்த தன் வாயை டக்கென்று மூடிக்கொண்டார்.

வழியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. தினமும் காலையில் வேலை பிரித்துக் கொடுக்க எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டுவார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். அங்கேயே பேசிவிட்டால் என்ன?

"பெரட்டுல வேணாம் சேர். சாயங்காலம் வீட்டு வீட்டுக்குப் போவோம்" என்றாள் பவித்ரா.

"கூட்டத்தைப் பார்த்தால் பயமா?" என்று கேலி செய்தேன். எனக்கு மதிய ரயிலுக்குச் சீட்டு இருந்தது.

மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு நல்ல மனிதர். தான் நின்ற படியிலேயே எனக்கும் இடம் கொடுத்தார். நான் பேசி முடித்ததும் பெண்கள் வரிசையாக வந்து சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. "பார்த்தாயா, அனுபவம்!" என்றேன். பவித்ரா கைகட்டி நின்றாள்.

தேநீர் நேரத்தில் மலையிலிருந்து தனலெட்சுமி என்ற அம்மா இறங்கி வந்தார். முதலில் கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

"டாக்டரம்மா, எனக்கு வாயக் காட்ட இஷ்டமில்லீங்க. வேணாம்னா அரைப்பேர் போட்டுருவாங்களோன்னு பயந்துதான் கையெழுத்துப் போட்டேன்."

அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம். "யாரும்மா அப்படிச் சொன்னது?" என்று பதறினேன்.

"யாரும் சொல்லலீங்க. பெரட்டுல கண்டாக்கையா பக்கத்துல நின்னு சொன்னா, அது வேலைதானுங்களே?"

முகத்தை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை. சம்மதம் என்றால் என்ன என்று அந்த வாரம்தான் கண்டியில் ஒரு நாள் முழுக்க வகுப்பெடுத்திருந்தேன். கைகூப்பி, "மன்னிச்சுக்குங்கம்மா" என்றேன். அவர் நடுங்கிப்போனார். "ஐயோ, ஏதும் தப்பாச் சொல்லிட்டேனுங்களா?" என்று பவித்ராவின் பின்னால் ஒதுங்கினார். எனக்கு அவமானம் இன்னும் கூடியது.

அவர் போனதும் பவித்ரா படிவங்களையெல்லாம் குறுக்கே கிழித்தாள். "மொதல்லேருந்து கேக்கணும் சேர். வீட்டு வீட்டுக்குப் போயி, இது வேலையில்லன்னு சொல்லிட்டுக் கேக்கணும்."

"நானும் வருகிறேன்."

"கோவிச்சுக்காதீங்க சேர், நீங்க வர வேணாம். நீங்க நின்னா அவங்களுக்கு வேணாங்கிற வார்த்தையே வராது."

சுருக்கென்றது. என் மாணவி என்னைத் தடுப்பதா என்று கோபம்கூட வந்தது. அப்புறம் அந்தக் கோபத்துக்காகவும் வெட்கப்பட்டேன். மதிய ரயிலை விட்டுவிட்டு ஹட்டன் விடுதியறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் ஸ்டேஷனில் நிற்கும்போது பவித்ரா அழைத்தாள்.

"சேர், நெறயப் பேரு வேணாம்னுட்டாங்க! ஒரு அக்கா, வெத்தலையைப் பத்திப் பேசாதன்னு கதவையே சாத்திட்டாங்க! மத்தவங்க யோசிச்சுச் சொல்றாங்களாம்."

அவள் குரலில் அப்படியொரு சந்தோஷம். ரயில் வந்தது. ஏறி உட்கார்ந்து, மதுரையில் இத்தனை வருடத்தில் என் ஆய்வுக்கு வேண்டாம் என்று சொன்ன ஒரு நோயாளியையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். ஒரு முகம்கூட வரவில்லை. என் பேச்சில் அவ்வளவு நம்பிக்கை அவர்களுக்கு என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.