பயமோ எண்டு கேட்டால்

இஞ்சை இத்தாலியிலை, பலெர்மோ ரவுணிலை, பொலிதேயாமாப் பக்கம் போறதெண்டால் நான் இப்பவும் சுத்துவழியாலைதான் போறனான். கால் உளைஞ்சாலும் பரவாயில்லை. அங்கை இருக்கிற ஒரு மூண்டாம் மாடி யன்னல் என்ரை கண்ணிலை படக்கூடாது.

அங்கை ஹொலிஸ்டர் எண்டு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் மனிசியோடை ஒரு வருசம் வாடகைக்கு இருந்தவர். தொண்ணூற்றேழிலை வந்தவர். சட்டம் படிப்பிக்கிறவராம். அந்த வீட்டிலை நிரந்தர வேலைக்கு நிண்டது ஞானாம்பிகை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விருந்தாளியள் வருவினம், தனிய ஏலாது எண்டு என்னையும் கூப்பிடுவாள். நான் றோசமலர், மன்னார் ஆள். காலைமைப் பூசை முடிஞ்ச கையோடை அங்கை போய்விடுவன்.

நான் சொல்ல வந்தது ஞானத்தைப் பற்றி. அந்த வீட்டுக் கோதாரி விழுவாரை இழுக்காமல் அவளைப் பற்றிச் சொல்ல ஏலாமல் கிடக்கு, அதுதான் எனக்குப் பத்திக்கொண்டு வருது.

வேலணைப் பிள்ளை அவள். தாய் செத்த நேரம் ஞானம் பள்ளிக்கூடத்தாலை நிண்டுட்டாள். தம்பி மகேந்திரராசா அப்ப சின்னப்பெடியன். தகப்பன் இருந்தும் இல்லாத ஆள். அவனுக்குச் சோறு தீத்தினதும் அவள்தான், தலையிலை எண்ணெய் வைச்சு இழுத்ததும் அவள்தான், ஆமி மறிச்சுச் சோதிக்கிற சென்றியைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனதும் அவள்தான். அந்தச் சென்றியிலை நிக்கிறவன் பேரைக் கேக்க முந்தி முகத்தைத்தான் பாப்பான். "ஏன் பயப்படுறாய்?" எண்டு கேப்பான். ஓம், பயம்தான் எண்டு சொன்னியோ, முடிஞ்சுது. ஒண்டும் செய்யாதவனுக்கு என்ன பயம், அப்ப நீ புலிதான் எண்டு பஸ்ஸாலை இறக்கிப்போடுவாங்கள். இறக்கின பெடியளிலை திரும்பி வந்தவை குறைவு.

அதாலை ஞானம் தம்பியை வீட்டு முத்தத்திலை நிக்கவைச்சுப் பழக்கினவள். முத்தம் கூட்டுற தும்புத்தடியைத் துவக்கு மாதிரிப் பிடிச்சுக்கொண்டு, "பயமோடா?" எண்டு அதட்டுவாளாம். அவன் நெஞ்சை நிமித்தி, "இல்லை மாத்தையா, பயமில்லை" எண்டு சொல்லவேணும். கண் கலங்கினால் திரும்ப முதலிலையிருந்து. மாத்தையா எண்டு அவங்கடை சிங்களத்திலை மரியாதையாய்க் கூப்பிடவும் பழக்கினவள். இதை எனக்குச் சொல்லேக்கை அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிச்சனான். எங்கடை சனத்துக்கு உதெல்லாம் சிரிப்புக்கதை, என்ன செய்ய.

அவளுக்கே அந்தப் பழக்கம் ஊறிப்போய்க் கிடந்தது. ஒருக்கால் அந்தக் கட்டிடத்து லிஃப்ற் இடைநடுவிலை நிண்டுபோச்சு. உள்ளுக்கை ஹொலிஸ்டரின்ரை மனிசியும் இவளும். சிஞ்ஞோரா எண்டு நாங்கள் கூப்பிடுற அந்த மனிசி குழறின குழறலிலை கட்டிடம் முழுக்கப் படியிலை கூடிட்டுது. திருத்த வந்தவன் வெளியிலை நிண்டு, "பாவுரா? பயமாக் கிடக்கோ?" எண்டு கேக்கிறான். இவள் உள்ளுக்கையிருந்து, "பயமில்லை! பயமில்லை!" எண்டு கத்துறாள். கதவு திறந்து பாத்தால் ஏப்ரன் முழுக்க வேர்வை.

"ஏன்ரி விசரி, பயம் எண்டு சொன்னால் உனக்கென்ன குறைஞ்சே போகும்?" எண்டு கேட்டன்.

"வாயிலை வருகுதில்லை மலரக்கா" எண்டாள்.

அந்தக் கதையைச் சொல்லி ஒரு கிழமை பகிடி பண்ணினன் அவளை.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்து மேசைக்கு வாறன். பலெர்மோப் பேராசிரியர்மார் ரெண்டு பேர் ஞாயிறு தவறாமல் வருவினம். ஒருத்தன் தாடிக்காரன், மற்றவர் சுருட்டுக்காரர். அவைக்காக ஹொலிஸ்டரும் இத்தாலியனிலைதான் கதைப்பார், அதாலை எங்களுக்கும் விளங்கும். கதை முழுக்க அமெரிக்கச் சட்டம். ஒரு ஞாயிறு, தண்டனை எண்டு ஆளைக் கொல்லுறதுக்குக் கரண்டுக் கதிரை கொடுமையோ ஊசி கொடுமையோ எண்டு கதைச்சவை. ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையிலையிருந்து வந்த மீன்ரை முள்ளை ஒண்டொண்டாய்ப் பக்குவமாய் எடுத்துக்கொண்டு அந்தக் கதை. மற்ற ஞாயிறு, கம்பியூட்டரிலை ஊத்தைப்படம் போட்டால் அது பேச்சுரிமையோ எண்டு. பிறகொரு ஞாயிறு, சட்டத்திலை எழுதிக்கிடக்கிற சொல்லை மட்டும் பாக்கிறதோ, எழுதினவன் என்னத்துக்கு எழுதினான் எண்டு பாக்கிறதோ எண்டு மேசையிலை குத்திக் குத்திச் சண்டை. நான் உண்மையாய் அடிபடப்போயினம் எண்டு நினைச்சு வைன் போத்தலை எடுத்து ஒளிச்சனான். கடைசியிலை கன்னத்தோடை கன்னம் வைச்சுக் கொஞ்சிப்போட்டு, நல்ல சாப்பாடு எண்டு போவினம். அடுத்த கிழமையும் வருவினம்.

ஹொலிஸ்டருக்கு உயிரான சங்கதி வேறை. அந்த வருசம் சித்திரையிலையிருந்து அமெரிக்காவிலை ஒரு புதுச்சட்டம். சரியான கடுதாசி இல்லாமல் விமானநிலையத்திலை வந்து இறங்கிறவனை நீதவானிட்டைக் கொண்டுபோகத் தேவையில்லை, அங்கை நிக்கிற அதிகாரியே அடுத்த பிளேனிலை திருப்பி ஏத்தலாம். அதிகாரி பிழைவிட்டால் நீதிமன்றம் தலையிட ஏலுமோ? வாசற்படியிலை நிக்கிறவனுக்கு அவையின்ரை அரசியல்சட்டம் பொருந்துமோ? நூறு வருசத்துக்கு முந்திச் சீனாக்காரரை மறிச்ச வழக்குகளை இப்பவும் பிடிச்சுத் தொங்கலாமோ? இதைத்தான் அவர் புத்தகமாய் எழுதிக்கொண்டிருந்தவர். தாடிக்காரன் சொல்லுவான், பிழையாய்த் திருப்புறதாலை வாற நட்டத்தையும் கெதியாய் முடிக்கிறதாலை வாற லாபத்தையும் நிறுத்துப் பாக்கவேணும் எண்டு. நிறுக்கிறானாம், இறைச்சிக்கடைக்காரன்!

கார்த்திகை மாதம் ஞானம் ஒரு சேதி சொன்னாள். தம்பி கொழும்பு லொட்ஜிலை நிக்கிறான், ரெண்டு தரம் பொலிஸ் கொண்டுபோய் அடிச்சு விட்டிருக்கு, இனி அங்கை இருந்தால் ஆள் மிஞ்சான். ஏஜென்சிக்காரன் வேறை ஆளின்ரை பாஸ்போட்டிலை நியூயோர்க்குக்கு அனுப்பப் போறானாம். பேரின்பநாயகம் எண்டு பருத்தித்துறைப் பெடியன் ஒருத்தனும் கூடப் போறான்.

நான்தான் சொன்னன், "அட விசரி, கடவுள் அந்தச் சட்டம் படிச்சவனை உன்ரை குசினிக்குப் பக்கத்திலை கொண்டுவந்து இருத்தியிருக்கிறார். வாயைத் திறந்து கேளன்."

கேட்டாள். ஞாயிறு விருந்து முடிஞ்சு கோப்பி குடுக்கேக்கை, தட்டை நெஞ்சோடை பிடிச்சுக்கொண்டு, "புறொபெஸோறே, என்ரை தம்பி உங்கடை நாட்டுக்குப் போறான். விமானநிலையத்திலை அவனிட்டை என்ன கேப்பினம்? அவன் என்ன சொல்லவேணும்?" எண்டு கேட்டாள்.

மனுசன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். இதிலை ரெண்டு பக்கம் இருக்கு எண்டு தொடங்கினார். ஒரு பக்கத்துப் பேராசிரியர் என்ன எழுதினவர், அதுக்கு மற்றப்பக்கத்து அம்மா என்ன மறுமொழி எழுதினவ, அதிலை தான் எங்கை நிக்கிறார். கோப்பி ஆறிப்போச்சு. நான் வாசலிலை நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன். கடைசியாய்ச் சொன்னார், "ஆனால் ஞானா, நான் ஆய்வு செய்யிறவன், வழக்குப் பேசுறவன் இல்லை. இன்னதைச் சொல்லு எண்டு சொல்லிக் குடுக்கிறது எனக்கு முறையில்லை. உன்ரை தம்பி உள்ளதைச் சொன்னால் காணும்."

அவள் கும்பிடாத குறையாய் நன்றி சொன்னாள். பின்னேரம் ரெலிபோன் கடைக்கு நானும் கூடப் போனன். கொழும்புக்கு எடுத்து, "ராசா, உள்ளதைச் சொல்லு, காணுமாம். பெரிய பேராசிரியர் சொன்னவர். யூனிபோமைக் கண்டு நடுங்காதை. அக்கா பழக்கின மாதிரி நிமிந்து நில்லு" எண்டு சொன்னாள். அவன் அங்கையிருந்து என்னவோ பகிடி விட்டான் போல, இவள் சிரிச்சுக்கொண்டு போனை வைச்சாள்.

மார்கழியிலை ஞானத்துக்குப் போன் வந்தது. தம்பி இல்லை, பேரின்பநாயகம். அமெரிக்காவிலை தடுப்பு முகாமிலையிருந்து எடுத்தவன். ரெண்டு பேரையும் விமானநிலையத்திலை மறிச்சுப்போட்டினம். முன்னாலை இடுப்பிலை துவக்குக் கட்டின அதிகாரி, ரெலிபோனுக்குள்ளாலை தமிழிலை சொல்லுற ஒரு ஆள். கேள்வி ஒண்டுதான் முக்கியமாம். "உம்மைத் திருப்பி ஊருக்கு அனுப்பினால், அங்கை உமக்குப் பயமோ?"

"மகேந்திரராசா அண்ணை நிமிந்து நிண்டு பயமில்லை சேர் எண்டிட்டார், அக்கா" எண்டானாம். "ரெண்டாந்தரமும் கேட்டவன். ரெண்டாந்தரம் இன்னும் பலத்துச் சொன்னார். எனக்கு நெஞ்சுரம் இல்லை, நான் அழுதுபோட்டன். பயம் பயம் எண்டு குழறிப்போட்டன். அதாலை என்னை வைச்சிருக்கினம். அவரை அடுத்த பிளேனிலை ஏத்திட்டினம்."

ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால், இன்னொரு அதிகாரி இருத்திவைச்சு முழுக்கதையும் கேக்கவேணும். அது அந்தச் சட்டத்திலையே கிடக்குதாம். அந்த ஒரு கேள்வியைப் பற்றி ஹொலிஸ்டர் தன்ரை புத்தகத்திலை ஒரு அத்தியாயமே எழுதி வைச்சிருந்தவர். சீ! தெரிஞ்சுகொண்டு, கோப்பியைக் குடிச்சுக்கொண்டு, ரெண்டு பக்கம் இருக்கு எண்டவர்.

திரும்பிக் கட்டுநாயக்கா விமானநிலையத்திலை இறங்கின உடனை மகேந்திரராசாவைப் பிடிச்சுக்கொண்டு போனவை எண்டு லொட்ஜ்காரர் சொன்னார். எங்கை வைச்சிருக்கினம், இருக்கிறானோ இல்லையோ, ஒண்டும் தெரியாது. நத்தார் வந்தது, பொங்கல் வந்தது, ஒரு தகவலும் இல்லை. ஞானம் வேலைக்கு வந்தாள், தரை துடைச்சாள், சோறு இறங்குதில்லை. "நான்தானே அக்கா பழக்கினனான்" எண்டு மட்டும் சொல்லுவாள். 

அவள் ஹொலிஸ்டரிட்டையும் சொன்னாள். நடந்ததைக் கேக்கக் கேக்க அந்த மனுசனுக்குக் கண் மினுங்கினதை நான் என்ரை கண்ணாலை கண்டனான். அதிகாரி எந்தச் சொல்லாலை கேட்டவன், போனிலை இருந்தவன் எப்பிடித் தமிழிலை சொன்னவன், எத்தினை தரம் கேட்டவன் எண்டு ஒண்டும் விடாமல் கேட்டு எழுதினார். குசினிக்குள்ளை வந்து ஞானம் என்ரை கையைப் பிடிச்சாள்.

"எழுதுறார் மலரக்கா. ஆருக்கோ பெரிய ஆக்களுக்குக் கடிதம் போடப்போறார் போலை."

நானும் நம்பினன். அண்டைக்கு அவருக்கெண்டு ஒரு மெழுகுதிரியும் கொளுத்தினன். தூ!

மாசி மாதம். சியாகுல்லிப் பக்கத்துத் தோட்டங்களிலையிருந்து மண்டரின் எண்ட சின்னத் தோடம்பழம் வாற காலம். ஞாயிறு சாப்பாடு முடிஞ்சு ஞானம் பழத்தட்டோடை மேசைக்குப் போறாள், நான் பின்னாலை கோப்பிக் கோப்பையளோடை. ஹொலிஸ்டர் கதைச்சுக்கொண்டிருக்கிறார்.

"என்ரை ஐஞ்சாம் அத்தியாயத்துக்கு இப்ப உயிர் வந்திட்டுது. திருவாளர் எம் எண்டு ஒரு ஆள். இராணுவச் சோதனைச்சாவடியளிலை வளந்தவர். பயத்தை மறைக்கப் பழகினவர். அவரிட்டைப் போய்ப் பயமோ எண்டு கேட்டால்? கேள்வியே பிழை! இது ஒரு அருமையான உதாரணம்."

அருமையானதாம். ஞானம் தட்டோடை அப்பிடியே நிண்டிட்டாள்.

"ரெண்டு தரம் கேட்டிருக்கினமே" எண்டான் தாடிக்காரன், பழத்தை உரிச்சுக்கொண்டு. "மூண்டாந்தரமும் கேக்கிறதெண்டால் நேரம், ஆள், செலவு."

"ஒரு ஆளை வைச்சுப் பொதுவாய்ச் சொல்ல ஏலாது" எண்டார் சுருட்டுக்காரர்.

"ஆளின்ரை சகோதரி இஞ்சைதான் நிக்கிறா" எண்டு ஹொலிஸ்டர் கையைக் காட்ட, எல்லாரும் திரும்பி அவளைப் பாத்தினம். சிஞ்ஞோரா தலையைச் சரிச்சு, குழந்தைப்பிள்ளையிட்டைக் கேக்கிற குரலிலை, "பாவம் ஞானா. உனக்குப் பயமாக் கிடக்கோ?" எண்டு கேட்டா.

ஞானத்தின்ரை முதுகு நிமிந்தது. நாடி உயந்தது.

"இல்லை சிஞ்ஞோரா. பயமில்லை."

சொல்லி முடியேல்லை, தட்டு ஒரு பக்கம் சரிஞ்சிட்டுது. ஒரு மண்டரின் உருண்டு விழுந்து மேசைக்குக் கீழை போகுது. அவள் என்னைத் திரும்பிப் பாத்தாள். தன்ரை வாயிலையிருந்து வந்ததைத் தானே கேட்டவளின்ரை முகம் அது. தம்பி அங்கை நிண்ட நிலை அவளுக்கு அப்பதான் விளங்கினது.

"ஓம்" எண்டாள் தமிழிலை. பிறகு இத்தாலியனிலை, அந்த வீடே கேக்க, "ஓம். பயம். எனக்குப் பயமாக் கிடக்கு. சரியான பயம்."

நான் அவளைத் தெரிஞ்ச காலத்திலை அந்தச் சொல்லை அவள் சொல்லிக் கேட்டது அதுதான் முதல்தரம்.

ஹொலிஸ்டர் மேசையிலை அடிச்சார். "பாத்தியளோ! முதல் இல்லை எண்டா, இப்ப ஓம் எண்டுறா! இதைவிட என்ன ஆதாரம் வேணும்?" எண்டு பேனையைத் தேடுறார். தாடிக்காரன், அது அன்பாய்க் கேட்டதாலை, அதிகாரியளை அன்பாய்க் கேக்கச் சொல்லிச் சட்டம் எழுத ஏலாது எண்டுறான். சுருட்டுக்காரர் இல்லை எண்டுறார். சிஞ்ஞோரா கண்ணைத் துடைச்சுப்போட்டுக் கோப்பிக்குச் சீனி கேட்டா.

நான் கோப்பையளை அப்பிடியே நிலத்திலை வைச்சன். பழத்தட்டை வாங்கி மேசையிலை வைச்சு, ஏப்ரனைக் கழட்டி அதுக்கு மேலை போட்டுட்டு, ஞானத்தின்ரை கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு படியாலை இறங்கினன். கீழை வந்தும் மேலை அவங்கடை சத்தம் கேட்டது. என்னத்துக்கு உனக்குப் பயம் எண்டு அந்த மேசையிலை ஒருத்தரும் அவளைக் கேக்கேல்லை.