எல்லாருக்கும் ஒரே பீதி

ரிஸ்மி செய்தி எழுதினால் ஒரு கோழிகூடச் சும்மா சாகாது, பரிதாபமாகத்தான் சாகும். கொழும்பிலிருந்து வரும் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு அவர் கண்டி நிருபர். பேர்தான் பெரிய பேர். அலுவலகம் என்பது மஹய்யாவயில் வாடகை வீட்டு விறாந்தை, ஒரு பிளாஸ்டிக் கதிரை, ஒரு போன். தக்காளி விலை ஏறினால் இல்லத்தரசிகள் பீதியில் உறைவார்கள். பாடசாலை அணி கிரிக்கெட்டில் தோற்றால் ரசிகர்கள் கதறுவார்கள். தெல்தெனிய பஸ் ஒரு நாள் ஓடாவிட்டால் பயணிகள் கண்ணீர் மல்க நிற்பார்கள். யாராவது சும்மா கவலைப்பட்டார் என்று அவர் எழுதியதே கிடையாது.

அதற்காக மனுஷனைப் பொய்யர் என்று சொல்லிவிடாதீர்கள். பேர், ஊர், திகதி எதிலும் பிழை விடமாட்டார். அழுகையை மட்டும்தான் கையிலிருந்து போடுவார். போடாவிட்டால், "என்ன ரிஸ்மி, உப்புச் சப்பில்லாம இருக்கே" என்று கொழும்பிலிருந்து கோல் வந்துவிடும். இந்தத் தொல்லை வேண்டாமென்று போனிலேயே சுருக்கம் போட்டு வைத்திருந்தார். 'க' என்று தட்டினால் 'கண்ணீர் மல்க' தானாக வந்து விழும். மனைவி ஸுமைரா கேலி செய்வாள்: "சோறு ஆறிப் போனாலும் நீங்க பெரும் சோகம்ண்டுதான் எழுதுவீங்க."

கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் பாலம்மா கோல் எடுத்தாள். அம்பிட்டியவுக்கு மேலே சரிவில் குடியிருப்பவள். டவுனில் ஒரு வீட்டில் சமையல் வேலை. அவள் கணவர் பொன்னையா பாரிசவாதம் வந்து கட்டிலோடு கிடந்தார்.

"தம்பி, குசினிச் சுவரு வெடிச்சிருக்கு. போன கெழம வெரலு நொழஞ்சிச்சு, இப்ப கையே நொழையுது. தரையிலயும் கோடு ஓடுது. இவரத் தூக்கிக்கிட்டு என்னால எறங்க முடியாது. ஒரு வண்டியும் ஆளும் அனுப்பச் சொல்லி பேப்பர்ல போடுங்க."

குரல் அரிசி விலை சொல்வதுபோல் நிதானமாக இருந்தது. "நீங்க யோசிக்காதீங்கக்கா, நான் போடுறேன்" என்றார் ரிஸ்மி.

போட்டார். 'மண்சரிவு அபாயம்: பீதியில் உறைந்த குடும்பம்! கண்ணீர் மல்கக் கோரிக்கை.' வெடிப்பை எழுதவில்லை. விரல், கை என்றெல்லாம் எழுதினால் வாசிக்கிறவனுக்கு நெஞ்சு உருகுமா? கட்டிலில் கிடந்த பொன்னையா 'அல்லலுறும் குடும்பத் தலைவர்' ஆனார். வண்டி கேட்டது 'அதிகாரிகள் கண் திறப்பார்களா?' என்று ஆயிற்று. நல்லாத்தான் வந்திருக்கு என்று அவருக்குத் திருப்தி வேறு!

மழை விடவில்லை. அந்த வாரக் கடைசியில் ஒரு விடியற்காலை சரிவு இறங்கியது. அக்கம்பக்கத்தில் ஆள் கூப்பிடப் போயிருந்த பாலம்மா தப்பினாள். பொன்னையா கட்டிலோடு மண்ணுக்குள் போய்விட்டார்.

ரிஸ்மிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மண்சரிவு உதவிக்குப் பொறுப்பான அரசாங்க அலுவலகத்துக்கு நேரே போனார். அங்கே தமிழ்ப் பத்திரிகைகளைக் காலையில் வாசித்து, மேலதிகாரிக்குச் சிங்களத்தில் சுருக்கிச் சொல்வது மொழிபெயர்ப்பாளர் தனுஜாவின் வேலை.

"பேப்பர்ல போட்டும் ஒத்தரும் அசையல்லயே! நீங்கெல்லாம் மனுசரா?" என்று வாசலிலேயே சத்தம் போட்டார்.

"கத்தாதீங்க ரிஸ்மி நானா. வாசிச்சது நான்தான்." தனுஜா அந்தச் செய்தி வந்த நாள் பத்திரிகையை எடுத்து மேசையில் விரித்தாள். "பாருங்க, எல்லாம் நீங்க எழுதுனது. மேல தக்காளி, பீதியில ஒறஞ்சாங்க. நடுவுல மேட்ச், கதறுனாங்க. கீழ இது. மூணையும் சேத்து, 'மக்கள் கொறை சொல்றாங்க'ன்னு சேர்கிட்ட சொல்லிட்டேன். சுவரு வெடிச்சிருக்குன்னு ஒரு வார்த்த இருந்திருந்தா எழும்பி ஓடியிருப்பேனே! ஆளு நடக்க முடியாம கெடக்காருன்னு இதுல எங்க இருக்கு, காட்டுங்க."

நின்றபடியே ரிஸ்மி தன் செய்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். வெடிப்பு இல்லை. கை இல்லை. கட்டில் இல்லை. அழுகை மட்டும் வரிக்கு வரி இருந்தது. கூனிக் குறுகிப் போனார். கத்திக்கொண்டு வந்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அங்கிருந்து, வீடிழந்தவர்களைத் தங்க வைத்திருந்த பாடசாலைக்குப் போனார். படியேறும்போது கொழும்பிலிருந்து கோல். "ரிஸ்மி, அந்தப் பொம்பளையப் பிடிச்சு உருக்கமா ஒண்டு எழுதி அனுப்புங்க." கோலைத் துண்டித்தார்.

பாலம்மா ஒரு வகுப்பறையில் பிள்ளைகளின் வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் ஒதுங்கி இடம் விட்டாள். அந்த மரியாதையே அவரைக் கொன்றது.

"அக்கா, நான்..." என்று தொடங்கினார்.

"பக்கத்து வீட்டுப் புள்ள ஒங்க பேப்பர வாசிச்சுக் காட்டுச்சு தம்பி" என்றாள் பாலம்மா. "நான் அழுதேன்னு போட்டிருந்தீங்களாமே. நான் அன்னைக்கு அழலியே? அழுதுகிட்டே சொன்னா சுவரு வெடிச்சது ஒங்களுக்குச் சரியா வெளங்காமப் போயிருமோன்னு, பல்லக் கடிச்சு அடக்கிக்கிட்டுத்தானே தம்பி பேசுனேன்."