டெஸ்டரம்மாவின் பிஸ்கட் டின்

முதியோர் இல்லத்து அலுவலகத்தில் கம்ப்யூட்டரை ஒருக்களித்துப் படுக்க வைத்து டெஸ்டரம்மா ஸ்க்ரூக்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவற்றைப் போட்டு வைக்கத் தலைமை நர்ஸ் ஏழு அறை மாத்திரைப் பெட்டி ஒன்றைக் கொடுத்திருந்தார். திங்கள் அறையில் மூடி ஸ்க்ரூ, செவ்வாயில் விசிறி ஸ்க்ரூ.

"புதனுக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார் நர்ஸ்.

"புதன் லீவு, சிஸ்டர்."

கொண்டையில் எந்நேரமும் ஒரு டெஸ்டர் செருகியிருப்பதால் வந்த பெயர் அது. பத்தொன்பது வயதில் இஸ்திரிப் பெட்டி ரிப்பேரில் தொடங்கி, மிக்சி, டிவி என்று ஏறிக் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தவள். கை சுத்தம். வாய் அவ்வளவு சுத்தமில்லை. அன்றைக்கு அந்த வாயும் அடங்கித்தான் இருந்தது. நான்கு நாள் முன்பு இதே மெஷினைச் சரிசெய்து கொடுத்தவள் அவள்தான்.

அப்போது வந்த புகார், சில பக்கங்களில் எழுத்துகள் சிதைந்து தெரிகின்றன என்பது. டிஸ்க் கிழடாகிவிட்டது என்று முடிவு கட்டினாள். புது டிஸ்க் மாட்டினாள், உள்ளதை எல்லாம் அதில் நகல் எடுத்தாள், கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். இன்று காலை நர்ஸ் நாளைய மாத்திரைகளைப் பிரிக்கும்போது, ஒன்பதாம் கட்டில் வாத்தியாருக்கு ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரை இரண்டரை மில்லிகிராமுக்குப் பதில் இருபத்தைந்து என்று திரையில் நின்றது. நர்ஸ் பழக்கப்பட்டவர், கையை நிறுத்திவிட்டார். வேறு யாராவது என்றால் கொடுத்திருப்பார்கள்.

நாற்பத்திரண்டு பேரின் மருந்து விவரமும் இதற்குள்தான். நோட்டில் எழுதுவதை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. பென் டிரைவில் வைத்திருந்த நகலும் இதே மெஷினில் எடுத்தது, அதுவும் குப்பை. இன்றைய மாத்திரையை நேற்றே பிரித்து வைத்திருந்ததால் சமாளித்தாயிற்று. நாளைக் காலை எட்டு மணிக்கு யாருக்கு எது, எவ்வளவு?

"ஒண்ணு சொல்றேன் கேளு," என்றார் நர்ஸ். "வாத்தியார் பக்கத்த மூணு தரம் திறந்தேன். ஒரு தரம் இருபத்தஞ்சு. ஒரு தரம் ஏழு. அப்புறம் கோழி கிளறின மாதிரி என்னமோ."

டெஸ்டரம்மாவின் கை நின்றது. "நடுவுல யாரும் தொடலையே?"

"தொட விடுவேனா? பிரஷர் பாக்குற பட்டையில காத்து ஒழுகினா இப்படித்தான், தரத்துக்கு ஒரு நம்பர் காட்டும். நான் பட்டையத்தான் மாத்துவேன். ஆளுக்கு மருந்த ஏத்த மாட்டேன்."

டிஸ்கில் எழுதியது தப்பென்றால் எத்தனை முறை படித்தாலும் அதே தப்புதான் வர வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு பொய் வருகிறது என்றால், பொய் சொல்வது நடுவில் நிற்கிற ஆள். டிஸ்குக்கும் மெஷினுக்கும் இடையே விவரத்தைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் கண்ட்ரோலர் கார்டு. அந்தக் கார்டு வழியாகத்தான் அவள் புது டிஸ்குக்கு நகல் எடுத்திருக்கிறாள்.

"சிஸ்டர், நான் பட்டைய விட்டுட்டு ஆளையே மாத்திட்டேன்."

"பழைய ஆள் எங்க?"

கழற்றிய பாகத்தை நாற்பது நாளைக்குத் தூக்கிப் போடுவதில்லை என்பது அவள் வழக்கம். துணியில் சுற்றித் தேதி எழுதி வீட்டில் வைத்துவிடுவாள். பஸ் ஓட்டுகிற கணவருக்கு அன்று ஓய்வு நாள். போன் போட்டாள்.

"கட்டிலுக்கு அடியில பிஸ்கட் டின் இருக்கும், எடுத்துட்டு வாங்க."

"எந்த டின்னு? பதினோரு டின் இருக்கு."

"மூடி நசுங்கினது."

"எல்லாமே நசுங்கினதுதான். நேத்து மொத்தத்தையும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுரலாம்னு வாசல்ல எடுத்து வச்சேன்."

"வச்சிட்டு?"

"நீ ஆடுற ஆட்டத்த நெனச்சேன். திரும்ப உள்ள தள்ளிட்டேன்."

"உங்க வாழ்க்கையில நீங்க செஞ்ச ஒரே நல்ல காரியம்."

"அப்போ உன்னைக் கட்டிக்கிட்டது?"

"அது நான் செஞ்ச நல்ல காரியம். சீக்கிரம் வாங்க."

பதினோரு டின்னையும் கோணியில் போட்டுத் தூக்கி வந்தார் மனிதர். பழைய டிஸ்க் ஐந்தாவது டின்னில் இருந்தது. டெஸ்டரம்மா தன் பையில் வைத்திருந்த புதுக் கண்ட்ரோலர் கார்டைச் செருகி, பழைய டிஸ்கை மாட்டி, வாத்தியார் பக்கத்தைத் திறந்தாள். இரண்டரை. மூடித் திறந்தாள். இரண்டரை. மெஷினை அணைத்துப் போட்டும் பார்த்தாள். இரண்டரைதான்.

முப்பத்தைந்து பேரின் பக்கம் அப்படியே இருந்தது; இந்த நான்கு நாளில் யாருக்கும் மருந்து மாறவில்லை. கோளாறு தொடங்கிய பிறகு திறந்து சேமித்த ஏழு பக்கங்கள் மட்டும் நிஜமாகவே கெட்டிருந்தன. அந்த ஏழையும் நர்ஸ் டாக்டரிடம் போனில் கேட்டு எழுதிக்கொண்டார். ஏழு பேருக்குக் கேட்கலாம், நாற்பத்திரண்டு பேருக்கு எந்த டாக்டர் வாயால் சொல்வார்? போனை வைத்துவிட்டு, காலையிலிருந்து முதல் தடவையாக நர்ஸ் உட்கார்ந்தார். செருப்பையும் கழற்றிவிட்டார்.

"உன் வீட்டுக்காரருக்கு ஒரு டீ சொல்லட்டுமா?"

"ரெண்டா சொல்லுங்க. அவர் சத்தமே போடாம உக்காந்திருக்காரு, பயமா இருக்கு."

மறுநாள் காலை ஏழு மணிக்கே டெஸ்டரம்மா வந்துவிட்டாள். அச்செடுத்த தாள்களோடு நர்ஸ் பின்னால் கட்டில் கட்டிலாகப் போய், தாளையும் மாத்திரை அட்டையையும் ஒத்துப் பார்த்தாள். வாத்தியார் தன் இரண்டரையை விழுங்கிவிட்டு, "யாரிது, புது டாக்டரா?" என்று கேட்டார்.

"பட்டை மாத்துறவங்க," என்றார் நர்ஸ்.

அதன் பிறகு, யாரும் அலமாரியிலிருந்து எடுத்துத் தெரியாமல் மறுபடி செருகிவிடக் கூடாதென்று, கெட்ட கார்டைக் குறடால் இரண்டாக உடைத்துக் குப்பையில் போட்டாள். புது டிஸ்கில் இருந்ததை அழித்துவிட்டு மீண்டும் நகல் எடுத்தாள், இந்த முறை இரண்டு தடவை ஒத்துப் பார்த்து. பழைய டிஸ்கைத் துணியில் சுற்றி, அன்றைய தேதியை எழுதி, மூடி நசுங்கிய டின்னுக்குள் திரும்ப வைத்தாள்.