அம்மா வாங்கிய மூணு சக்கர வண்டி

அம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள் என்பதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அவள் வாதாடுவதை நிறுத்துகிறாளா என்று பார்ப்பதுதான். எதிரில் இருப்பவர் பேசப் பேச "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே வெங்காயம் உரிப்பாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகியும் அப்பாவுக்கு இது பிடிபடவில்லை. அம்மா "ம்" கொட்டினால் தாம் ஜெயித்துவிட்டதாக எண்ணிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார். பாவம் மனுஷர்.

தம்பிக்கு அப்போது இரண்டரை வயது. எனக்கு ஒன்பது, தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. கிள்ளானில் லிஃப்ட் இல்லாத ஓர் அடுக்குமாடியில் நான்காவது மாடியில் குடியிருந்தோம். அப்பா துறைமுகத்தில் கொண்டெய்னர் லோரி ஓட்டினார். தம்பி இன்னும் நடக்கவில்லை. பிடித்து நிறுத்தினால் முழங்கால் மடங்கி மெல்ல உட்கார்ந்துவிடுவான். உட்கார்ந்துவிட்டு, ஏதோ சாதித்துவிட்டவனைப் போல நம்மைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்வான். அவனுக்குச் சுத்தச் சோம்பேறித்தனம் என்பதுதான் என் கட்சி. நடக்க ஆரம்பித்தால் கடைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தே நடிக்கிறான் என்று பக்கத்து வீட்டு ஆன்டியிடம் கூடச் சொல்லி வைத்திருந்தேன்.

வாரத்தில் மூன்று நாள் காலையில் அம்மா அவனைப் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த ஒரு பயிற்சி நிலையத்துக்குத் தூக்கிப் போவாள். அங்கே அவன் கைகால்களை நீட்டி மடக்குவார்கள், பெரிய பந்தின் மேல் படுக்க வைத்து உருட்டுவார்கள். கிள்ளானிலிருந்து கம்யூட்டர் ரயிலில் போய், கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கி நடக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் தம்பிக்குப் பிடித்தது ரயில் ஒன்றுதான். கதவு மூடுவதற்கு முன் ஒரு மணி அடிக்குமே, அதை அப்படியே வாயால் அடிப்பான். பேச்சு இன்னும் வராத பிள்ளைக்கு அந்த மணி மட்டும் சுருதி பிசகாமல் வந்தது. ஒருமுறை அவன் அடித்த மணியைக் கேட்டு, பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்த ஓர் அங்கிள் பதறியடித்துக்கொண்டு ஓடிவந்து ஏறினார்.

அவனை உட்கார வைத்துத் தள்ள மாமா வீட்டு ஸ்ட்ரோலர் ஒன்று இருந்தது. மாமாவின் மூன்று பிள்ளைகளும் உட்கார்ந்து, தேய்த்து, ஒதுக்கிய பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தது. நாலு சக்கரம், மேலே குடை, கீழே கூடை என்று கப்பல் மாதிரி இருக்கும். அந்தக் கப்பலை ஒரு தோளிலும் தம்பியை மறுபக்க இடுப்பிலுமாக அம்மா நான்கு மாடி இறங்குவாள். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போனேன். பிரிக்ஃபீல்ட்ஸ் நடைபாதையில், கண் தெரியாதவர்கள் தடவி நடப்பதற்காகப் பதித்த மேடுமேடான மஞ்சள் கற்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் குதித்துக் குதித்துப் போவது எனக்கு ஆனந்தம். ஸ்ட்ரோலருக்கு அது எமன். அந்த வாரம் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த அதன் முன் சக்கரம் அந்தக் கற்களில் கழன்று உருண்டு போய்விட்டது.

அன்று தம்பியையும் கப்பலையும் சேர்த்துச் சுமந்ததில் அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு வகுப்புகள் போகவில்லை. நிலையத்திலிருந்து டீச்சர் போன் செய்தார். நல்லவர்தான், தயங்கித் தயங்கித்தான் சொன்னார். திங்கட்கிழமையும் வரவில்லை என்றால் தம்பியின் இடத்தை, வரிசையில் காத்திருக்கும் வேறொரு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியிருக்குமாம். அம்மா போனை வைத்தாள். பிறகு வெங்காயக் கூடையை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"மூணு சக்கர வண்டி ஒண்ணு வாங்கணும்ங்க, பிள்ளைக்கு," என்றாள் அப்பாவிடம்.

சக்கரம் கழன்ற அதே நாளில் ரயிலில் ஒரு சீன ஆன்டியிடம் அந்த மாதிரி வண்டியைப் பார்த்திருந்தோம். முன்னால் ஒரே ஒரு சக்கரம். ஆன்டி ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மறு கையால் அதை ஒரு தட்டு தட்டினார், அது குடை மாதிரி மடங்கிக்கொண்டது. அம்மா எங்கள் ஸ்டேஷனை மறந்து அவர் பின்னாலேயே இறங்கிவிட்டாள். தனக்குத் தெரிந்த மலாயில் எங்கே வாங்கினார், எவ்வளவு கனம், சக்கரம் கல்லில் மாட்டுமா என்றெல்லாம் கேட்டாள். ஒற்றைச் சக்கரம் எந்த மேட்டிலும் ஏறி இறங்கிவிடும், மாட்டாது என்று அந்த ஆன்டி தள்ளியே காட்டினார்.

அப்பாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை.

"இன்னொரு வண்டி எதுக்கு? ரெண்டு மாசத்துல ஓடப் போறான் லா, பாரு. எங்க அண்ணனே மூணு வயசுலதான் நடந்தாராம்."

"ம்."

"உக்கார வெச்சே தள்ளிக்கிட்டு இருந்தா கால் எப்படி பலம் வரும்? நீயே சொல்லு."

"ம்."

சனிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது அப்பா மனம் இரங்கியவர் போல, "மூணு சக்கர வண்டிதானே? மத்தியானம் வரப்போ நானே நல்லதா பார்த்து வாங்கிட்டு வரேன்," என்றார். அம்மா அதற்கும் ஒரு "ம்" போட்டாள். அப்பாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையில் தேய்ந்ததும் வெங்காயக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"பாப்பா, சட்டைய மாத்து."

முதலில் போனது கடைக்கு அல்ல, கிள்ளான் ஸ்டேஷனுக்கு. டிக்கெட் தட்டிவிட்டு உள்ளே நுழையும் தடுப்பின் அகலத்தை அம்மா தன் ஷாலை நீட்டி அளந்தாள். இந்தப் பக்கம் ஒரு முடிச்சு, அந்தப் பக்கம் ஒரு முடிச்சு. காவலுக்கு நின்ற மலாய்க்கார அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே ஷாலின் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தார். எனக்குத் தாங்க முடியாத வெட்கம். இதைவிடப் பெரிய வெட்கம் கடையில் காத்திருந்தது என்று அப்போது தெரியாது.

குழந்தைச் சாமான்கள் விற்கும் இரண்டு மாடிக் கடை அது. விற்பனைக்கு நின்றது ஒரு தமிழ் அக்கா, சிரித்த முகம். முதலில் நாலு சக்கரத்தைக் காட்டினார். அம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள். மூன்று சக்கரத்தில் ஒன்றைக் காட்டினார். அம்மா ஷாலை விரித்து முடிச்சுக்கு முடிச்சு வைத்துப் பார்த்தாள். அகலம். அடுத்தது அகலம் சரி, ஆனால் மடக்க இரண்டு கையும் ஒரு காலும் வேண்டியிருந்தது. "நான் என்ன ஆக்டோபஸா?" என்றாள் அம்மா. தம்பியை இடுப்பில் வைத்தபடியே ஒவ்வொன்றையும் ஒற்றைக் கையால் மடக்கினாள், விரித்தாள், தோளில் மாட்டி மாடிப்படி ஏறி இறங்கினாள். தம்பி ஒவ்வொரு முறை படியிறங்கும்போதும் ரயில் மணி அடித்தான். அக்காவின் சிரித்த முகம் வாடத் தொடங்கியது.

கடைசியில் சாம்பல் நிறத்தில் மூன்று வண்டிகள் தேறின.

"இது எத்தனை கிலோ தாங்கும், தங்கச்சி?"

"பதினஞ்சு கிலோக்கா. தாராளம்."

"பத்தாது."

"தம்பிக்கு இப்ப பத்து கிலோ கூட இருக்காதே அக்கா. அவன் நடக்க ஆரம்பிச்சிட்டா இது ஸ்டோருக்குத்தானே போகப் போகுது?"

அம்மா தம்பியை இடுப்பில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, "பாசாருக்குப் போனா அரிசி மூட்டைய வெப்பேன்மா," என்றாள். "அதுக்குத்தான் கேக்குறேன்."

மற்ற இரண்டும் இருபத்தைந்து கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. அட்டையில் எழுதியிருப்பதை நம்புகிற ஜாதி இல்லை அம்மா. என் பக்கம் திரும்பினாள்.

"பாப்பா, ஸ்கூல்ல எடை போட்டாங்களே, எவ்வளவு?"

"இருபத்திரண்டு."

"ஏறி உக்காரு."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அம்மாவின் முகத்தில் விளையாட்டு இல்லை. "ஐயோ, மாட்டேன்மா! நான் மூணாம் ஆண்டு!" என்றேன். அக்காவும், "சின்னப் பிள்ளைக்குள்ளது அக்கா, எங்க போஸ் பார்த்தா ஏசுவாரு," என்றார். அம்மா தம்பியை அக்காவின் கையில் திணித்தாள். என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, முட்டி மோவாயில் இடிக்க, உள்ளே அமுக்கி உட்கார வைத்துவிட்டாள்.

முதல் வண்டி நாலு எட்டுப் போவதற்குள் கிறீச்சென்று ஒரு பக்கம் சாய்ந்தது. அப்பாடா, தப்பித்தேன் என்று இறங்கினேன். "அதுல ஏறு," என்று அடுத்ததைக் காட்டினாள். அதில் கடையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வாசல் மேட்டில் தடாலென்று இறக்கி, வெளியே கடைகளை ஒட்டிய அஞ்சடி நடைபாதையில், தெருவே பார்க்கத் தள்ளிக்கொண்டு போனாள். பூக்கடை, சாப்பாட்டுக் கடை, காய்கறிக் கடை என்று வரிசையாகக் கடந்தோம். தரை உடைந்த இடமாகத் தேடித் தேடி ஏற்றினாள், இறக்கினாள், சட்டென்று திருப்பினாள். காய்கறிக் கடை வாசலில், என் வகுப்பில் என் பக்கத்து நாற்காலியில் உட்காருகிற பெண் தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்த்து அவள் வாய் பிளந்தது. என் மானம் அன்றே கப்பல் ஏறிவிட்டது. ஓவென்று அழுதேன். "அரிசியை வெச்சுப் பார்க்க வேண்டியதுதானே! என்னை ஏன்!" என்று கத்தினேன். இன்னொரு அம்மாவாக இருந்தால் நிறுத்தியிருப்பாள். இவள் தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பித்தான் நின்றாள். குனிந்து மூன்று சக்கரத்தையும் ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். எதுவும் ஆடவில்லை.

"இதையே போட்டுக் குடும்மா," என்றாள் அக்காவிடம். என் கண்ணைத் துடைக்கக்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து, அம்மா புது வண்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நான்கு மாடியையும் நிற்காமல் ஏறினாள். கதவைத் திறந்தால் கூடத்தின் நடுவில் அப்பா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார், முகமெல்லாம் பல். அவர் முன்னால் ஒரு மூணு சக்கர வண்டி. சிவப்பும் பச்சையும் அடித்த மரத்தில், பிடித்துக்கொள்ளக் குறுக்குக் கட்டை வைத்த நடைவண்டி. குழந்தை நின்றுகொண்டு தள்ளித் தள்ளி நடை பழகுமே, அது. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு பாத்திரக் கடையில் தேடிப் பிடித்தாராம்.

"மூணு சக்கர வண்டின்னுதானே சொன்னே?" என்றார்.

அழுது வீங்கிய முகத்தோடு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "அப்பா, அது நடைவண்டிப்பா! அம்மா கேட்டது ஸ்ட்ரோலரு!" இப்படியும் ஒரு மனுஷர் இருப்பாரா என்று இருந்தது. அப்பாவும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அப்பா தம்பியை வாங்கி, அவன் விரல்களைக் கட்டையின் மேல் ஒவ்வொன்றாக மடக்கி வைத்து, பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "வா ராஜா, வா." வண்டி முன்னால் போயிற்று. தம்பி பின்னாலேயே உட்கார்ந்துவிட்டான். மறுபடி நிறுத்தினார். மறுபடி உட்கார்ந்தான், மணி அடித்தான். ஐந்தாறு முறை இது நடந்தது. அப்பா ஒவ்வொரு முறையும் "கிட்ட வந்துட்டான், பாரு, கிட்ட வந்துட்டான்," என்றார். சண்டை வரப்போகிறது என்று நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் நடைவண்டியைத் தொட்டுப் பார்த்து, "நல்ல மரம்," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். புது வண்டி தடுப்புக்குள் இரண்டு பக்கமும் இடிக்காமல் நுழைந்தது. மஞ்சள் கற்களில் தடதடவென்று ஏறி இறங்கியது, தம்பி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். வகுப்பு தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். அந்த இடத்தை அதற்குப் பிறகு அம்மா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அப்பாவின் கூத்தைப் பள்ளி திறந்ததும் ஒரு வாரம் சொல்லிச் சிரித்தேன், அஞ்சடியில் போன மானத்தை அப்படியாவது மீட்டுவிடலாம் என்று. சக்கரத்தின் சத்தத்தை வைத்தே எந்த டயரில் காற்று இல்லை என்று சொல்கிற ஒரு லோரிக்காரருக்கு, பெற்ற பிள்ளைக்கு வாங்கும் வண்டியில் தவறு வருமா என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. அவர் தெரிந்தேதான் வாங்கி வந்திருக்கிறார்.

அம்மாவின் மேல் இருந்த கோபம் ஆற இன்னும் நாளாயிற்று. அந்த வண்டி, இரண்டு முறை சக்கரம் மாற்றியும் ஒரு முறை துணி தைத்தும், ஏழு வருடம் ஓடியது. அதன் பிறகுதான் தம்பிக்குச் சக்கர நாற்காலி வாங்கப் போனோம். பேசத் தொடங்கியிருந்தான், நீலம்தான் வேண்டும் என்று அடம் பிடித்தான். அளவெடுக்கிறவர் அவனை எடை போட்டு, இருபத்திரண்டு கிலோ என்று உரக்கச் சொன்னார். நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவள் குனிந்து விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். அப்பா இரண்டு மாதத்தில் ஓடப் போகிறான் என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த வாரத்தில், கிள்ளான் அஞ்சடியில் அத்தனை பேர் பார்க்க, அம்மா உட்கார வைத்துத் தள்ளிப் பார்த்தது என்னை அல்ல, ஒன்பது வயதுத் தம்பியை.