வாரப் பத்தில் அழகையா

உலகத்தில் மொத்தம் மூன்று பாடகர்கள்தான் இருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் எங்கள் அழகையா அண்ணன். மூன்றாவது ஆள் யாரென்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. அழகையா அண்ணன் வாயைத் திறந்தால் ரிவர்ஸ்டன் மலைப் பனிமூட்டம் ஒதுங்கி வழி விடும். சீகிரியாப் பாறை ஓவியத்தில் பூவும் கையுமாக நிற்கிற பெண்கள் ஆயிரத்தைந்நூறு வருசமாகக் காத்துக்கொண்டிருப்பது அவருடைய இரண்டாவது ரெக்கோட்டுக்காகத்தான் என்று நான் எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன்.

முதலாவது ரெக்கோட் வந்துவிட்டது. இந்தக் கதையில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான். ஆகவே அதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அழகையா அண்ணன் எங்கள் தோட்டத்து லய வரிசையில் நாலாவது காம்பரா. நாங்கள் ஐந்தாவது. நடுச்சுவரில் ஒரு ஓட்டை இருந்தபடியால் அவர் பாடுவதும் எங்கள் அம்மா என்னைத் திட்டுவதும் இரண்டு வீட்டுக்கும் பொது. தேயிலை ஸ்டோரின் மேல்மாடியில் கொழுந்து வாட்டுவது அவருக்கு வேலை. அங்கே சுற்றுகிற பெரிய காற்றாடிகளின் இரைச்சலுக்கு மேலே பாடிப் பாடித்தான் தொண்டை அப்படி ஆனது என்பார். எழுபத்தைந்தாம் வருசம் மாத்தளை முத்துமாரியம்மன் தேர் பார்க்கப் போனோம். டவுனில் மர்சூக் நானாவின் பொப் கோஷ்டி மேடை போட்டிருந்தது. இடையில் கிட்டார்க் கம்பி அறுந்துபோய், எல்லாரும் சும்மா நின்றார்கள். நான் கூட்டத்துக்குள்ளிருந்து, இங்கே ஒரு பெரிய பாடகர் நிற்கிறார், கொழும்பிலிருந்து வந்திருக்கிறார் என்று கத்தி, அண்ணனை மேடைப் பக்கம் தள்ளிவிட்டு ஓடிவிட்டேன். அவர் திணறுவதைப் பார்த்துச் சிரிக்கத்தான் நினைத்தேன். அவர் திணறவில்லை. கம்பி கட்டி முடிந்த பிறகும் மர்சூக் நானா அவரை இறங்க விடவில்லை.

ஆறு மாதம் கழித்து மர்சூக் நானாவே அவரைக் கொழும்புக்குக் கூட்டிப்போய் ஒரு ரெக்கோட் கம்பெனியில் பாட வைத்தார். உள்ளே போகுமுன் சத்தம் விழாமலிருக்கச் செருப்பைக் கழற்றச் சொன்னார்களாம். அண்ணன் காலில் செருப்பே இல்லாதபடியால் அந்த வேலை மிச்சம். இரண்டு தடவை பாடச் சொல்லி, முதல் தடவை பாடியதையே எடுத்துக்கொண்டார்கள். நடுவில் அவர் மூச்சு வாங்குவது நன்றாகக் கேட்கும். அதை வெட்டச் சொன்னாராம் அண்ணன். அது இருக்கட்டும், அதுதான் பாட்டு என்றாராம் மர்சூக் நானா.

பனிக்குள்ள போறவளே, பாதை தெரியுதா
பின்னால நான் வாரேன், சத்தம் கேக்குதா

இவ்வளவுதான் பாட்டு. இதையே திருப்பித் திருப்பிப் பாட வேண்டும், காலைச் சும்மா வைத்திருக்க முடியாது. தட்டின் ஒரு பக்கம் இவருடைய பாட்டு, மறுபக்கம் கொழும்புக்காரர் ஒருவருடையது. அண்ணன் ஒரு தட்டைப் பத்திரமாகக் கொண்டுவந்தார். தோட்டத்தில் ரெக்கோட் போடுகிற பெட்டி துரை பங்களாவில் மட்டும்தான் இருந்தது. ஆகவே தட்டைச் சுவரில் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினார். லயத்தில் எல்லாரும் வரிசையாக வந்து பாட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கிருஷ்ணம்மா அத்தை திருநீறு கூடப் பூசிவிட்டது.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் கடதாசி.

அண்ணனுடைய அப்பா செத்துப்போகுமுன் முழுக் குடும்பத்துக்கும் இந்தியக் குடியுரிமை கேட்டு எழுதிப் போட்டிருந்தார். அண்ணனுடைய அக்கா காத்தாயிக்கு முதலில் பாஸ்போட் வந்தது. அது போன தை மாதம் புருசன் பிள்ளைகளோடு மாத்தளை ஸ்டேசனில் கோச்சி ஏறியது. தலைமன்னார் போய், கப்பல் ஏறி, துறையூருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஊர். அங்கிருந்து யாரையோ பிடித்து ஒரே ஒரு கடிதம் எழுதுவித்திருந்தது. அதை அண்ணனுக்கு வாசித்துக் காட்டியது நான்தான். வேலை இல்லை, ரோட்டில் கல் உடைக்கிறோம், எங்களை இங்கே சிலோன்காரர்கள் என்று கூப்பிடுகிறார்கள், தம்பி நீ ஏதாவது வழி பார்த்து அங்கேயே இரு. அதற்குப் பிறகு கடிதம் இல்லை. சித்திரையில் அண்ணனுக்கும் பாஸ்போட் வந்தது. இங்கே இருக்கிற விசா ஆகஸ்டோடு முடியும், அதற்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும்.

இந்த இடத்தில்தான் வாரப் பத்து வருகிறது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ரேடியோவில் பத்துப் பாட்டுப் போடுவார்கள். எந்தப் பாட்டுக்கு அதிகம் போஸ்ட்காட் வருகிறதோ அது முதலாம் இடம். ரெக்கோட் கம்பெனி மனேஜர் மர்சூக் நானாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். பாட்டு முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் இரண்டாவது ரெக்கோட் போடுவோம், இந்தப் பாடகர் எங்களுக்கு இங்கே தேவை என்று கடிதமும் தருவோம் என்று. அந்தக் கடிதத்தைக் காட்டி விசாவை ஒரு வருசம் நீட்டலாம் என்று அண்ணன் நம்பினார். நானும் நம்பினேன்.

ஆனால் எங்கள் ஆட்கள் எப்படிப் போஸ்ட்காட் போடுவார்கள்? முக்கால்வாசிப் பேருக்கு எழுதத் தெரியாது. எழுதினாலும் தோட்டத்துத் தபாலெல்லாம் ஆபீஸ் பைக்குள் போய்த்தான் வெளியே போகும். அங்கே கிளாக்கர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துச் சிரிப்பார். முதல் மூன்று வாரமும் அண்ணனுடைய பாட்டு பத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர் ரேடியோவை மூடிவிட்டு, காற்றாடி பெல்ட்டுக்கு எண்ணெய் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையில் ஸ்டோருக்குப் போனார்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எழுத்து மட்டும் நன்றாக வரும். லயத்துக்கு வருகிற போகிற கடிதமெல்லாம் என் கைதான். ஆகவே மலையில் நிழல் மரங்களில் ஏறியிருந்த தோட்டத்து மிளகைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி மடியில் கட்டிக்கொண்டு ரத்தோட்டையில் ஜவாஹிர் நானா கடைக்குப் போனேன். மிளகுக்குப் பதில் போஸ்ட்காட் கேட்டேன். இத்தனை காட் எதற்கு, கலியாணமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மாப்பிள்ளை யாரென்று கேட்டார். ரேடியோ என்றேன்.

காட் கிடைத்தது, பெயருக்கு எங்கே போவது? உயிரோடு பக்கத்தில் இருக்கிறவர்களின் பெயரைப் போட்டால், நான் எழுதவே இல்லையே என்று அவர்களே நாலு பேரிடம் சொல்லிவிடுவார்கள். ஜவாஹிர் நானா சுற்றிக் கொடுத்த கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபோது வழி கிடைத்தது. அது எங்கள் தோட்டத்துப் பழைய செக்ரோல் தாள். வேலைக்குப் பெயர் போட்டவர்களின் பட்டியல். பாதிப் பெயர்கள் சிவப்பு மையால் வெட்டப்பட்டிருந்தன. எல்லாம் இந்தியாவுக்குப் போனவர்கள். போனவர்கள் வந்து மறுக்கப் போவதில்லை. பெயரை எடுத்துக்கொண்டு கருவாட்டை அம்மாவிடம் கொடுத்தேன்.

வலக்கையால் கொஞ்சம், இடக்கையால் கொஞ்சம், பென்சிலால் கொஞ்சம். நடுங்குகிற கிழவர் எழுத்து, கோபக்கார வாத்தியார் எழுத்து, புதுப்பெண் எழுத்து. மூன்று வாரத்தில் நூற்றுப்பத்து காட். ஆபீஸ் பையில் போடாமல் ரத்தோட்டைப் பெட்டியில் நானே கொண்டுபோய்ப் போட்டேன்.

பாட்டு ஒன்பதாம் இடத்துக்கு வந்த அன்று லயமே வாசலில் நின்றது. அண்ணன் நீர் கோர்த்த கண்ணோடு போய் ஆணியில் தொங்கிய தட்டைத் துடைத்தார், துடைத்ததையே திரும்பத் துடைத்தார். அடுத்த வாரம் நாலாம் இடம். அன்றைக்கு அறிவிப்பாளர் காட் போட்டவர்களில் ஒருவருடைய பெயரையும் வாசித்தார். ரத்தோட்டையிலிருந்து அழகமுத்து.

அழகமுத்து கிருஷ்ணம்மா அத்தையின் மகன். அவன் பெண்டாட்டியோடு போய் ஒன்றரை வருசம். அத்தைக்கு அந்த நாட்டுக் கடதாசியும் வரவில்லை, இந்த நாட்டுக் கடதாசியும் இல்லை. ஆகவே தனியாக நின்றுவிட்டது. பெயர் கேட்டதும் அத்தை சீலையை மாற்றிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு இறங்கிப் போனது. அடுத்த நாளும் போனது. மூன்றாம் நாள் நான் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். மழைக்கு என்றேன். மழை இல்லை.

அத்தை பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசி பஸ் திரும்பிப் போனதும் சொன்னது:

"ரேடியோவுல பொய் சொல்ல மாட்டாங்க புள்ள. மாத்தளையில எறங்கியிருப்பான். வெறுங்கையோட வர வெக்கப்பட்டு நிக்கிறான்."

நான் கணக்கப்பிள்ளையின் குடைக்குள் தவளையைக் கட்டியவள். துரையின் நாய்க்குக் கால்சட்டை போட்டு ஓடவிட்டவள். அதுவரை நான் செய்த எதற்கும் யாரும் இப்படிக் காத்துக்கொண்டு நின்றதில்லை. அன்றோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பாட்டு நாலாம் இடத்தில் நின்றது. இன்னும் ஒரு படி. மிச்சமிருந்த போஸ்ட்காட்டுகளில், காத்திருக்க ஆள் இல்லாதவர்களாகப் பார்த்துப் பெயர் பொறுக்கினேன். கடைசி காட்டுக்குப் பெயர் இல்லை. காத்தாயி அக்காவைப் போட்டேன். அது துறையூர்ப் பக்கம் இருப்பது அண்ணனுக்குத் தெரியும், அவர் பஸ்ஸுக்குப் போய் நிற்கப் போவதில்லை. கேட்டால் சிரிப்பார் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு பாட்டு மூன்றாம் இடம். செவ்வாய்க்கிழமை மர்சூக் நானா மாத்தளையிலிருந்து பஸ் ஏறி வந்தார். அவரைப் பார்த்ததும் அண்ணன் கதிரையைத் துடைத்துப் போட்டார். நானா உட்காரவில்லை.

"மூணாவது என்ன, மொதலாவதே வந்தாலும் இனி ஒண்ணுமில்ல அழகையா," என்றார். "ரெக்கோட் அடிக்கிற சாமான் வெளிநாட்டுலருந்து வர விடுறாங்க இல்லையாம். கம்பெனி அந்த வேலையையே நிப்பாட்டிட்டாங்க. நான் அந்த மனேஜரைத் தேடிப் போனன், அவரும் அங்க இல்ல."

அண்ணன் கடிதத்தைப் பற்றிக் கேட்டார். மனேஜரே இல்லாமல் கடிதம் யார் தருவது என்று நானா மெதுவாகச் சொன்னார். அண்ணன் தேத்தண்ணி போடச் சொல்லி என்னை அனுப்பினார். நான் ஊற்றிக்கொண்டு வந்தபோது இருவரும் கோச்சி எத்தனை மணிக்கு என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவர் போவது அடுத்த புதன்கிழமை என்றாயிற்று. பெட்டி கட்டினார். கப்பலில் உடையும் என்று ரெக்கோட் தட்டை மர்சூக் நானாவிடமே கொடுத்துவிட்டார். ரேடியோவைக் கிருஷ்ணம்மா அத்தைக்குக் கொடுத்தார்.

நான் முன்பே பெட்டியில் போட்ட காட்டெல்லாம் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தன. தபாலுக்கு இதெல்லாம் தெரியாது. கடைசி ஞாயிறு எல்லாரும் அத்தையின் காம்பரா வாசலில் கூடி நின்றோம். பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கிக்கொண்டு வந்தது. மூன்றாம் இடத்தில் வேறு பாட்டு. இரண்டாம் இடத்திலும் வேறு பாட்டு. போயிருச்சு என்றார் யாரோ. அப்போது அறிவிப்பாளர், இந்த வாரம் முதலாம் இடம், மாத்தளை அழகையா என்றார். யாரும் கை தட்டவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஒரு காட்டைக் கையில் எடுத்து வாசித்தார்.

ரத்தோட்டையிலிருந்து காத்தாயி எழுதுகிறார்: அழகையா அண்ணன் எங்களை விட்டுப் போய்விடக் கூடாது. அதற்காகவாவது இந்தப் பாட்டை முதலாவதாகப் போடுங்கள்.

பாட்டு ஆரம்பித்தது. காத்தாயி அக்காவோடு கொழுந்து எடுத்தவர்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். கிருஷ்ணம்மா அத்தை ரேடியோவை மடியில் தூக்கி வைத்துக்கொண்டது. பாட்டில் அண்ணன் மூச்சு வாங்குகிற இடம் வந்தது, போனது. அண்ணன் பாட்டு முடியும்வரை தலை குனிந்து நின்றார். சிரிக்கவில்லை.

முடிந்ததும் முகம் கழுவ, மலைத்தண்ணீர் விழுகிற பீலிக்குப் போனார். நான் குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். குடம் நிறைந்துதான் இருந்தது. அவர் முகத்தைத் துடைக்காமலே திரும்பினார்.

"சந்திரா, எங்க அக்கா என்னைய எப்படிக் கூப்புடும்?"

"தம்பின்னுதான்," என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. நிறைந்த குடத்தையே பீலிக்குக் கீழே வைத்தேன்.

"அப்பறம் அண்ணன் போயிறக் கூடாதுன்னு எழுதுனது யாரு?" என்றார்.